பரணில் கிடைத்த படத்தில் இருப்பது இறந்துபோன குழந்தையா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சிவகங்கைப் பக்கத்துப் பூர்வீக வீட்டின் பரணை ஒழித்தபோது சட்டம் போட்ட பழைய படம் ஒன்று உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. முற்றத்தில் மூன்று வயது மதிக்கத்தக்க பெண்குழந்தை, பாவாடையும் பூச்சடையுமாக நிற்கிறது. கண்கள் வெள்ளை வெளேரென்று முறைக்கின்றன. பின்னால் முகமே இல்லாத கறுப்பு உருவம். அதன் கை மட்டும் குழந்தையின் இடுப்பருகே தெரிகிறது. மறுபக்கம் இன்னொரு குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறது; அதற்குக் கால் இல்லை. சட்டத்தின் கண்ணாடியில் காய்ந்த குங்குமம். பின் அட்டையில் 'இரத்த' என்று தொடங்கும் பென்சில் எழுத்து. தாத்தாவுக்கு முன் பிறந்த அக்கா ஒருத்தி சிறுவயதில் இறந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் இறந்த குழந்தைகளை நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள் என்று சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோவை அனுப்ப, வீடே கலங்கிப்போயிருக்கிறது. இது அந்த அக்காவா, இதை வீட்டில் வைக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

குழந்தை உயிரோடு இருக்கிறது. இலக்கணப்படி 'இருந்தது' என்று எழுத வேண்டும். படத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுவதால் நிகழ்காலம்தான் வருகிறது. நீங்கள் அனுப்பிய பிரதியைப் பெரிதாக்கிக் குழந்தையின் இடது கையைப் பாருங்கள். தோள் தெளிவாக இருக்கிறது, முழங்கை தெளிவாக இருக்கிறது, மணிக்கட்டில் வளைகூடத் தெளிவு. விரல்கள் மட்டும் புகைபோலக் கலைந்திருக்கின்றன. லென்ஸ் திறந்திருந்த அந்தச் சிறு பொழுதில் குழந்தை பாவாடையைப் பிசைந்திருக்கிறது. மெதுவான கேமராக்களின் காலத்துச் சாவுப் படங்களில் மற்ற எல்லோரையும்விடக் கூர்மையாகப் பதிந்திருப்பவர் நடுவில் கிடத்தப்பட்டவர்தான். சுற்றி நிற்பவர்கள் மூச்சுவிட்டுக் கண்சிமிட்டி, கொஞ்சமாவது கலைந்திருப்பார்கள்.

சித்தப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். இறந்தவர்களைப் படம் எடுக்கும் வழக்கம் உண்மையிலேயே இருந்தது, அதற்காக இங்கிலாந்துவரை போக வேண்டியதில்லை. என் அப்பா கும்பகோணத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தார். அதிகாலையில் யாராவது சைக்கிளில் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றால் சாவு வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு இறந்தவரை உட்காரவைத்து, மாலை சாத்தி, பின்னால் மகன்களும் மருமகள்களும் நிற்க எடுக்கப்படும் படம் அது. பலருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படமும் அதுவாகத்தான் இருக்கும். அதில் அடையாளங்கள் தப்பவே தப்பாது. தாடையைச் சுற்றி உச்சியில் முடிந்த துணி, நெற்றியில் ஒட்டிய காசு, சேர்த்துக் கட்டிய கால் பெருவிரல்கள், தொய்ந்த தோள். கைக்குழந்தை என்றால் பெரும்பாலும் தாயின் மடியில் இருக்கும். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்த பிறகு வேறு அடையாளம் தேட வேண்டியதில்லை. உங்கள் படத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

இறந்தவர்களை இரும்புத் தாங்கியால் நிறுத்திவைத்தார்கள் என்று வீடியோவில் வரும் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். 1839-இல் பாரிஸில் டாகேர் என்பவரின் படம் எடுக்கும் முறை அறிவிக்கப்பட்டபோது ஒரு படம் பதிய நிமிடக்கணக்கில் ஆனது. பிறகு அது நொடிகளாகக் குறைந்தது. அவ்வளவு நேரம் ஆள் தலையை ஆட்டாமல் இருக்க, கழுத்துக்குப் பின்னால் கவைபோல ஒரு தாங்கியை வைத்தார்கள். அடிப்பாகம் கனமான வார்ப்பிரும்பு. மேலே இருப்பது ஒரு கம்பியும் கவையும். உயிருள்ள தலையைச் சாயாமல் அணைத்துக்கொள்ள அது போதும். உயிரற்ற உடலை நிறுத்திவைக்க அதனால் ஆகாது. படங்களில் காலுக்குப் பின்னால் அந்தத் தாங்கியின் பாதம் தெரிந்தால், நின்றவர் உயிரோடு இருந்தார் என்றுதான் பொருள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இறந்த குழந்தைகளைக் கட்டிலிலோ பெட்டியிலோ தூங்குவதுபோல் கிடத்தித்தான் பெரும்பாலும் எடுத்தார்கள். நிற்கும் பிணங்கள் இணையத்தில் பிறந்தவை.

இனி அட்டையின் பின்பக்கம். உங்கள் குழுவில் ஒருவர் அதை 'இரத்த சாட்சி' என்று படித்து, கொலை நடந்த வீடு என்கிற அளவுக்குப் போயிருக்கிறார். அது 'இரத்தாட்சி'. தமிழ் ஆண்டுகள் அறுபதில் ஐம்பத்தெட்டாவது. சிவந்த கண் என்று பொருள். ஆண்டுக்குப் பெயர் வைத்தவர் உங்கள் படத்தைப் பார்த்து வைக்கவில்லை. அதை அடுத்து 'தை' என்று இருக்கிறது. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் பெயர் என்பதால் இரத்தாட்சி 1864-65 ஆகலாம், 1924-25 ஆகலாம், 1984-85 ஆகலாம். முதலாவது முடியாது. சாய்த்துப் பார்த்தால் இருண்ட இடங்களில் நீலமாக ஒரு மினுமினுப்பு வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஜெலட்டின் பூசிய தாளில் உள்ள வெள்ளி, காலப்போக்கில் மேலே ஏறி வந்து கண்ணாடிபோல் படிவதால் வரும் மினுமினுப்பு அது. அந்த வகைத் தாள் 1880-களில்தான் பரவத் தொடங்கியது. மூன்றாவதும் முடியாது, 1984-இல் உங்கள் தாத்தாவே பேரன் பேத்தி எடுத்திருப்பார், இந்த அட்டையும் அச்சும் அந்தக் காலத்துக்கு உரியவை அல்ல. ஆகவே 1925 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள் எடுத்த படம். காவிரியில் பெருவெள்ளம் வந்ததே, அந்த இரத்தாட்சி ஆடிக்கு அடுத்த தை.

ஆண்டு தெரிந்துவிட்டால் கண்களுக்கு விடை கிடைத்துவிடும். முற்றத்தில் வெளிச்சம் தலைக்கு நேர்மேலே இருந்து இறங்குகிறது. அப்படி இறங்கும் வெளிச்சத்தில் நெற்றியும் மூக்கும் பளிச்சென்று இருக்கும், கண்குழிகள் கறுத்துப்போகும். பெட்டியையும் திரைச்சீலையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக வந்த படக்காரர் அதைக் கழுவிப் பார்த்ததும் தலையில் கை வைத்திருப்பார். பிறகு செய்வது எல்லோரும் செய்ததுதான். நெகட்டிவின் மேல் பிசின் கலந்த மருந்தை மெல்லத் தடவிக் காயவைத்து, ஊசியாகச் சீவிய பென்சிலால் கண்ணின் வெள்ளைப் பகுதியில் புள்ளி புள்ளியாக வைப்பது. நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் அச்சில் வெளுக்கும். கறுக்க வேண்டிய இடத்தைச் சிறு கத்தியால் சுரண்டுவோம். இந்த வேலையைப் பதினாறு வயதிலிருந்து நான் செய்திருக்கிறேன். சாந்தமான பார்வைக்கும் பேய்ப்பார்வைக்கும் நடுவில் இருப்பது ஒரு பென்சில் சீவல் அளவு வித்தியாசம். உங்கள் படத்தின் ஆள் வலது கண்ணில் இமையின் ஓரத்தையே தாண்டி வெளுத்திருக்கிறார். அவசரம், அல்லது அன்றைய ஏழாவது முகமாக இருந்திருக்கும்.

கண்ணைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சித்தப்பா கேட்காமல் விட்ட நல்ல கேள்வி அது: மூடிய கண்ணைத் திறந்ததுபோல் வரைந்திருக்கலாம் அல்லவா? வரைந்திருக்கலாம். நானே வரைந்திருக்கிறேன். ஒரு ஆச்சி இறந்த மறுநாள் மகன்கள் இருவர் வந்தார்கள். அப்பா எடுத்த சாவுப் படம் ஒன்றுதான் அவர்களிடம் இருந்தது; கண் திறந்த மாதிரி, கூடத்தில் மாட்டுகிற மாதிரி வேண்டும் என்றார்கள். அப்பா அவர்களிடம், 'ஆச்சி ஜாடையில் பெண் யாராவது உண்டா?' என்று மட்டும் கேட்டார். மறுநாள் மூத்த மகளை அழைத்து வந்தார்கள். அந்த அம்மாளை ஜன்னலோரம் உட்காரவைத்து அவருடைய கண்களைப் பார்த்துப் பார்த்து அவருடைய தாய்க்கு வரைந்தேன். இரண்டு மணி நேரம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை.

அப்படி வரைந்த கண்ணைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கருவிழியில் வைக்கும் வெளிச்சப் பொட்டை வரைகிறவர் தன் கைப்பழக்கத்தில் வைப்பார். மூக்கின் நிழல் ஒரு பக்கம் சொல்லும், கண்ணின் பொட்டு இன்னொரு பக்கம் சொல்லும். இரண்டு கருவிழிகளும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் நடுவில் நிற்கும். உங்கள் படத்தில் கருவிழி சற்றே ஓரமாக, கேமராவுக்கு இடப்புறம் நின்ற யாரையோ பார்க்கிறது. வெளிச்சப் பொட்டு மேல்விளிம்பில் இருக்கிறது. மேலே திறந்த வானம் இருந்ததால் அது அங்கேதான் இருக்க வேண்டும். வெள்ளைப் பகுதி மட்டுமே பென்சில் வேலை. பார்வை குழந்தையினுடையது.

கறுப்பு உருவத்துக்கு வருகிறேன். அன்றைய கண்ணாடித் தகடுகளில் பெரும்பாலானவைக்குச் சிவப்பு தெரியாது. எல்லா நிறமும் அறியும் தகடுகள் 1906-லேயே கடைக்கு வந்துவிட்டாலும் ஊர்ப் படக்காரர்கள் பழைய வகையையே வைத்திருந்தார்கள். சிவப்பு விளக்கின் கீழ் கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவலாம் என்பது பெரிய வசதி. அந்தத் தகட்டில் நெற்றிக் குங்குமம் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டைப்போலவே கறுப்பாக விழும். அரக்குச் சிவப்பில் கண்டாங்கி கட்டிய ஒரு பெண், கறுப்புத் துணியால் போர்த்தியதுபோல விழுவாள். உங்கள் கறுப்பு உருவம் அப்படி ஒரு பெண்தான். கையைப் பாருங்கள்: மூன்று கண்ணாடி வளையல்கள், சுமங்கலிக் கை. விரல்கள் பாவாடை நாடாவைப் பின்னாலிருந்து பிடித்திருக்கின்றன. முகத்தைத் தூணுக்குப் பின்னால் திருப்பிக்கொண்டு, முந்தானையையும் தலையில் இழுத்துவிட்டிருக்கிறாள். ஓடிவிடும் குழந்தையை நிறுத்த இதைத் தவிர வேறு வழி கிடையாது. ஐரோப்பாவில் தாய்மார்கள் ஜன்னல்திரையைப் போர்த்திக்கொண்டு நாற்காலிபோல் உட்கார்ந்து மடியில் குழந்தையை வைத்துக்கொண்ட நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தாலும் இதே திகில்தான் வரும்.

அவள் ஏன் ஒளிந்துகொண்டாள் என்பதற்குப் படக்காரர் அப்படி நிற்கச் சொன்னதே காரணமாக இருக்கலாம். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்த வீடுகளும் உண்டு. ஆனால் ஒன்று உறுதி. அவளை நீங்கள் பார்க்கவே கூடாது என்றுதான் ஏற்பாடு. அச்சின் மேல் பழுப்பாக ஒரு நீள்வட்டக் கோடு ஓடுகிறதே, கவனித்தீர்களா? நடுவில் நீள்வட்டமாக வெட்டிய அட்டை ஒன்று முன்பு இந்தப் படத்தின் மேல் இருந்திருக்கிறது. அந்த வட்டத்துக்குள் குழந்தையும் சடையும் வரும். பெண்ணும் தூணும் வெளியே போய்விடும். விரல் நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். சட்டத்தின் அடியில் தூள்தூளாக ஏதோ கொட்டியது என்றீர்களே, அது ராமபாணப் பூச்சி தின்ற அந்த அட்டையின் மிச்சம். நூறு ஆண்டுக்கு முன் ஒருவர் ஒழுங்காக மறைத்துவைத்ததைப் பூச்சி அவிழ்த்துக் காட்டிவிட்டது. அவ்வளவுதான் உங்கள் கறுப்பு உருவத்தின் மர்மம்.

கால் இல்லாத இரண்டாவது குழந்தை என்னை முதல் பார்வையில் திடுக்கிட வைத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று கேட்டு வளர்ந்தவன்தானே நானும். பிறகு சிரித்துவிட்டேன், ஏனென்றால் இந்த வித்தையை எங்கள் ஸ்டூடியோவில் வாரத்துக்கு நாலு முறை செய்வோம். பூத்தைத்த சடையைப் படம் எடுப்பது எப்படி? முகத்தை எடுத்தால் சடை தெரியாது, சடையை எடுத்தால் முகம் தெரியாது. பின்னால் சற்றுச் சாய்வாக நிலைக்கண்ணாடி ஒன்றை நிறுத்தினால் இரண்டும் கிடைக்கும். சடங்கானாலும் கல்யாணமானாலும் சீமந்தமானாலும் அந்தக் கண்ணாடி இல்லாமல் படம் கிடையாது. உங்கள் படத்தில் கண்ணாடியின் கருங்காலிச் சட்டம் பின்னால் இருக்கும் இருட்டோடு கலந்துவிட்டது. கண்ணாடி முக்காலியின் மேல் இருப்பதால் முழங்காலுக்குக் கீழே பிம்பம் இல்லை. அந்தக் 'குழந்தை' கொஞ்சம் சிறியதாகவும் கொஞ்சம் மங்கலாகவும் இருப்பதும் இதனால்தான். லென்ஸிலிருந்து கண்ணாடி போய் முதுகுக்குத் திரும்பி வரும் தூரம் அதிகம். சந்தேகம் தீரவில்லை என்றால் வளைகளை எண்ணிப் பாருங்கள். முன்னால் நிற்கும் குழந்தையின் இடது கையில் எத்தனையோ, பிம்பத்தின் கையிலும் அத்தனை.

இதுவரை பயத்தைக் கழற்றி வைத்தேன். இனி சொல்லப்போவது பயத்தைப் போக்காது. அது வேறொருவருடைய பயம்.

இது பெண்குழந்தை இல்லை. காதைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஜிமிக்கி துளையில் மாட்டப்படவில்லை. காதைச் சுற்றிய நூலில் தொங்குகிறது. காது இன்னும் குத்தவில்லை. ஆனால் மூக்கில் ஒரு சிறு வளையம் இருக்கிறது, அது துளையிலேயே இருக்கிறது. காது குத்தாமல் மூக்கு மட்டும் குத்திய மூன்று வயதுப் பெண்குழந்தையை நம் ஊரில் பார்க்க முடியாது. பின் அட்டையில் 'இரத்தாட்சி தை' என்பதற்கு அடுத்த சொற்களை நீங்கள் 'பழனி முடிக்கு முன்' என்று சரியாகவே படித்திருக்கிறீர்கள். முதல் மொட்டைக்கு முன் ஆண்பிள்ளைக்குப் பாவாடை கட்டி, வளர்ந்த முடியைச் சவரி வைத்து நீட்டிப் பின்னி, பூத்தைத்து, ஒருமுறை பெண்ணாக அழகு பார்த்துவிட்டு மறுநாள் மொட்டைக்குக் கொண்டுபோவது நம் வீடுகளில் இன்றைக்கும் நடக்கிறது. என்னுடைய படமே ஒன்று அப்படி இருக்கிறது. என் மனைவி அதை விருந்தாளிகளுக்குத் தவறாமல் காட்டுகிறாள். தைப்பூசத்துக்குப் பழனி போகும் பகுதி உங்களுடையது. மொட்டையோடு காதும் குத்துவார்கள். ஆகவே காது குத்தாதது சரிதான், தை மாதமும் சரிதான்.

மூக்கு மட்டும்தான் சரியாக வரவில்லை. அதற்கு விடை அட்டையின் கடைசிச் சொல்லில் இருக்கிறது. குடும்பத்தில் யாருக்கும் தெரியாத பெயர் என்றீர்கள். பொதுவில் எழுத வேண்டாம் என்று கேட்டதால் எழுதவில்லை. பிச்சை, குப்பை, வேம்பு, மூக்கன் என்ற வரிசையில் வரும் பெயர் அது என்று மட்டும் சொல்கிறேன். ஏழ்மையால் வைத்த பெயர்கள் அல்ல இவை. நாலு மாடி வீட்டிலும் வைத்திருக்கிறார்கள்.

1900-களின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் இருநூறு பேர் அளவில் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. ஒரு வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள் அடுத்தடுத்துத் தங்காமல் போனால், அடுத்துப் பிறந்ததை ஒளித்துவைக்கப் பார்த்தார்கள். எமனுடைய கண்ணிலிருந்துதான். அவன் விரும்பாதபடி கேவலமான பெயர் வைப்பார்கள். பிறந்ததும் முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் வைத்து எடுப்பார்கள். ஆண் என்றால் மூக்கைக் குத்திப் பெண்ணாகக் காட்டுவார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு படி தவிட்டுக்குக் குழந்தையை விற்றுவிடுவார்கள். இனி அது இந்தத் துரதிர்ஷ்டம் பிடித்த தாயின் பிள்ளை இல்லை, எமன் விலாசம் தவறிப் போகட்டும் என்று. அடம்பிடிக்கும் பிள்ளைகளிடம் 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்று இன்றைக்கும் கேலி பேசுகிறோமே, அந்தப் பேச்சு கேலியாகப் பிறந்தது அல்ல.

இப்போது உங்கள் படத்தை மறுபடி பாருங்கள். குத்திய மூக்கு, கேவலப் பெயர், கன்னத்தில் உள்ளங்கையளவு மை. பின்னால் நிற்பவள் குழந்தையின் தாயாகவே இருந்தால், மற்ற தாய்மார்களைப்போல் படக்காரர் சொன்னதற்காக மட்டும் முகத்தைத் திருப்பினாள் என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளை தங்காத ராசி தன்னுடையது என்று ஊர் சொல்லி அவளும் நம்பியிருந்தால், இந்தப் பிள்ளையின் பக்கத்தில் தன் முகம் விழக்கூடாது என்று அவளே ஒதுங்கியிருப்பாள். இது என் ஊகம். வளையல் கைக்கு மேல் ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் அந்தப் பிடியைப் பாருங்கள். மூன்று வயதுக் குழந்தையை நிறுத்த அவ்வளவு இறுக்கம் வேண்டாம்.

நீங்கள் கேள்விப்பட்ட அக்கா, ஆக, இந்தப் படத்தில் இல்லை. அவள் இருந்திருந்தால் இந்தப் பிள்ளைக்கு இந்த மூக்கும் இந்தப் பெயரும் வந்திருக்காது.

குங்குமம் மிச்சம் இருக்கிறது. நம் வீடுகளில் படத்தின் மேல் பொட்டு வைத்தால் உள்ளே இருப்பவர் சாமி, இல்லாவிட்டால் போய்ச்சேர்ந்தவர் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஆயுத பூஜையன்று கையில் சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பும் ஒருவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சைக்கிள், தையல் மெஷின், அரிவாள்மணை, ரேடியோ என்று எதையும் விடமாட்டார். ஏதோ ஒரு வருஷம் அந்தச் சுற்றில் இந்தப் படமும் மாட்டியிருக்கும். மாலை தொங்கவிட்ட ஆணியோ நூலோ சட்டத்தில் இல்லை. இறந்தவர் படத்துக்கு அதுதான் முதலில் வரும்.

வீட்டில் வைக்கலாமா என்றால், வையுங்கள். பரிகாரம் எதுவும் தேவையில்லை. சட்டத்தின் கண்ணாடியில் அச்சு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க முயல வேண்டாம். ஜெலட்டின் கண்ணாடியோடேயே வந்துவிடும். ஈரத்துணி படவே கூடாது. ஃபிளாஷ் போடாமல், மினுமினுப்பு விழாத கோணத்தில் ஒரு நல்ல பிரதி எடுத்துவிட்டு, அமிலமில்லாத தாளில் சுற்றி, வெயிலும் சமையலறைச் சுவரும் தொடாத இடத்தில் வையுங்கள். பின் அட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இந்தப் பதிலில் பாதி அந்த அட்டையிலிருந்து வந்தது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனமும் பிரிட்டிஷ் நூலகமும் சேர்ந்து தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியிருக்கின்றன. இணையத்தில் அவற்றைப் பார்த்தால் கண்ணாடிப் பிம்பக் குழந்தைகளும் வெளுத்த கண்களும் எவ்வளவு சாதாரணம் என்பது பழகிவிடும்.

கடைசியாக, இதோடு சேர்த்து நீங்கள் அனுப்பிய 1940-களின் கல்யாணப் படம். தாத்தா 1922 வாக்கில் பிறந்தவர் என்கிறீர்கள். 1925 தையில் அவருக்கு மூன்று வயது. அந்தக் கல்யாணப் படத்தில் அவருடைய மூக்கில் தழும்பு இருக்கிறதா என்று வெகுநேரம் தேடினேன். வழவழவென்று இருக்கிறது. அதற்கு மதிப்பு கிடையாது. மாப்பிள்ளை முகத்தில் அம்மைத் தழும்பையே விட்டுவைக்காதவர்கள் நாங்கள், மூக்குத் துளையையா விட்டிருப்போம்? ஆகவே தொண்ணூறைத் தொட்ட உங்கள் அத்தைப் பாட்டியிடம்தான் போக வேண்டும். படத்தைக் காட்டி யாரென்று கேட்காதீர்கள்; வெளுத்த கண்ணைப் பார்த்து அவரும் பயந்துவிடுவார். 'உங்கள் அண்ணனுக்குச் சின்ன வயதில் மூக்கு குத்தியிருந்ததா?' என்று மட்டும் கேளுங்கள். ஆமாம் என்றால், எந்த வீட்டுக்காரிக்குத் தவிட்டுக்கு விற்றார்கள் என்றும் கேட்டுவிடுங்கள். அந்த வீட்டுப் பரணில், நீள்வட்ட அட்டை கலையாத இன்னொரு பிரதி இருக்கக்கூடும்.